கழித்தலும் கொள்ளலும்: மண்டகப்பட்டுக் குடைவரையும் நன்னூற் பாயிரமும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்வோர் பெரும்பாலும் கோட்டையைக் காணவே செல்கின்றனர். குன்றுகளை மதிலால் வளைத்துக் கட்டிய அக்கோட்டை, மராத்தியர் காலப் படைத்துறைச் சின்னங்களுள் ஒன்றாக 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பின்னர் அதன் புகழ் மேலும் பெருகியுள்ளது. செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டு என்னும் சிற்றூரில் இறங்குவோர் மிகச் சிலரே. அவ்வூர்ப் பாறையில் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் ஒன்று உள்ளது. முகப்பின் இரு புறமும் பேருருவான வாயிற்காவலர் இருவர் நிற்கின்றனர். நடுவே பருத்த தூண்கள். அடியும் தலையும் சதுரம், இடைப்பகுதி எண்பட்டை. உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். அலங்காரம் மிகக் குறைவு.

இக்கோயிலைப் பெருமைப்படுத்துவது அதன் வடமொழிக் கல்வெட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், ஈசுவரன், திருமால் ஆகிய மூவர்க்கும் உறைவிடமாக விசித்திரசித்தன் என்னும் அரசன் இதனை ஆக்குவித்தான் என்பது அதன் செய்தி. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. புதுமையை நாடும் உள்ளம் உடையவன் என்பது அதன் கருத்து.

வரலாற்றாசிரியர்கள் இக்கல்வெட்டைக் கட்டடக்கலை வரலாற்றின் திருப்புமுனையாகக் கொள்வர். தமிழகத்துக் கோயில்கள் அதுவரை எப்பொருள்களால் கட்டப்பட்டு வந்தன என்பதற்கு அது சான்று தருகிறது. எழுதுவோர் நோக்கில் அதில் காணத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. தன் ஆக்கத்தைப் பற்றிப் பேசக் கிடைத்த ஒரே செய்யுளில், ஆக்கியோன் எதையெல்லாம் சேர்த்தான் என்று பட்டியலிடவில்லை. எதையெல்லாம் நீக்கினான் என்றே கூறுகின்றான். படைப்பு என்பது சேர்ப்பதனால் மட்டும் அமைவதன்று, விலக்க வேண்டியவற்றை அறிந்து விலக்குவதனாலும் அமைவது என்னும் நெறி அக்கல்வெட்டில் பொதிந்துள்ளது.

இந்நெறியைச் சொல்லால் ஆக்கும் பணிக்கு வகுத்துரைத்த தமிழ் வழிகாட்டி நூல், ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பின் தோன்றிய நன்னூலின் பாயிரம். எழுதும் முறையையும் வாழும் முறையையும் ஒருங்கே கற்பிக்கும் பகுதி அது. மண்டகப்பட்டுக்கும் நன்னூலுக்கும் நேரான தொடர்பு கற்பிக்க வேண்டுவதில்லை. ஒன்றை வைத்து மற்றொன்றைப் படிக்கும்போது, ஒரு வழிகாட்டி நூலை எவ்வாறு படித்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. இக்கட்டுரை அவ்விடையை நாடுவது.

சமணரும் செஞ்சிப் பகுதியும்

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர், சனகாபுரத்தோடு தொடர்புடையவர். கங்கர் குலத்துச் சிற்றரசனான சீயகங்கன் வேண்டிக்கொள்ள அவர் இந்நூலை இயற்றினார் என்பது சிறப்புப்பாயிரத்தால் விளங்குகின்றது. சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) காலத்தவன். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்து பகுதிகளைச் சிறப்புப்பாயிரம் சுட்டினும், இன்று கிடைப்பன எழுத்தும் சொல்லுமே. பாயிரத்தின் 55 நூற்பாக்களும் சேர்ந்து நூல் 462 நூற்பாக்களை உடையது.

யாப்பருங்கலக் காரிகை இயற்றிய அமிதசாகரரும், நேமிநாதம் இயற்றிய குணவீர பண்டிதரும் சமணரே. தமிழுக்கு இலக்கணம் வகுத்தோருள் சமணரின் பங்கு பெரிது. அச்சமயத்தின் தடங்கள் செஞ்சிப் பகுதியில் ஆழமாகப் பதிந்துள்ளன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர் 24 பேரின் உருவங்கள் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கேயே, 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவிடத்தைக் குறிக்கும் பழங்கல்வெட்டும் உண்டு. வட்டெழுத்தின் தொடக்க வளர்ச்சியை அறிய அறிஞர்கள் எடுத்துக்காட்டும் கல்வெட்டு அது. செஞ்சிக்குக் கிழக்கே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் விளங்குகின்றது.

சந்திரநந்தியைக் கல்வெட்டு ஆசிரியர் என்றே குறிப்பிடுகின்றது. கற்பித்தல் என்னும் தொழிலும் நோன்பு என்னும் வாழ்க்கை முறையும் ஒருவரிடத்தே ஒன்றியிருந்த மரபை அச்சொல் காட்டுகின்றது. அம்மரபில் வந்தவர் இலக்கணம் எழுதும்போது, எழுத்தின் பிறப்பைச் சொல்வதற்கு முன் ஆசிரியன் எத்தகையன், மாணாக்கன் எத்தகையன், கேட்பது எவ்வாறு, சொல்வது எவ்வாறு என்று தொடங்குவது இயல்பேயாகும்.

குற்றமும் அழகும்

பாயிரம் நூலுக்குப் பத்துக் குற்றங்களைக் கூறும். பத்து அழகுகளைக் கூறும். 32 உத்திகளைக் கூறும். நூற்குற்றம் பத்து என்பதும் உத்தி 32 என்பதும் தொல்காப்பிய மரபியலிலேயே உள்ளவை. பாயிரம் பற்றிய கருத்துகள் இறையனார் களவியல் உரையிலும் இளம்பூரணர் உரையிலும் முன்னரே இடம்பெற்றுள்ளன. பவணந்தியார் தாமே புதிதாகக் கண்டவற்றை மட்டும் எழுதியவர் அல்லர். வழிவழி வந்தவற்றைத் தேர்ந்து, சுருக்கி, வரிசைப்படுத்தியவர். தேர்ந்தெடுத்தலும் சுருக்குதலும் அவர் செய்த பெரும்பணிகள்.

அழகினை முதலில் வைக்காமல் குற்றத்தை முதலில் வைத்திருப்பது நோக்கத்தக்கது. தேவையினும் குறைத்துச் சொல்லுதல் ஒரு குற்றம். மிகுத்துச் சொல்லுதல் மற்றொரு குற்றம். சொன்னதையே திரும்பச் சொல்லுதலும், முன்னுக்குப் பின் முரண்படுதலும், பிழைபட்ட சொற்களைச் சேர்த்தலும், இதுவோ அதுவோ எனக் கேட்போர் மயங்கச் சொல்லுதலும் குற்றங்கள். தொடங்கிய பொருளை விட்டு வேறொன்றை விரிப்பதும், பொருளற்ற சொற்களை அடுக்குவதும் குற்றங்கள். தொடக்கத்தில் வீறுடன் எழுந்து போகப்போகத் தேய்ந்து முடிவதும் குற்றமே. இறுதியாக, சொற்கள் நின்றும் அவற்றால் பயன் விளையாமை.

இப்பட்டியலைக் கவிஞர் ஒருவர் தம் தொகுப்பொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எட்டு நூற்றாண்டுக்கு முற்பட்ட பட்டியல் என்று தோன்றாது. நீள்கவிதைகள் பல எங்குத் தளர்கின்றன என்பதை அது விரல்விட்டுக் காட்டும். மேடைப் பேச்சுகளும் மலர்க் கட்டுரைகளும் கூட அதற்குத் தப்புவதில்லை.

பத்தும் எழுத்துக்கு மட்டும் உரியனவா என்பது அடுத்த வினா. வாக்களித்ததிற் குறைதல், தேவைக்கு மேல் கொள்ளுதல், சொல்லும் செயலும் மாறுபடுதல், எடுத்த பணியைவிட்டு வேறொன்றின்பின் செல்லுதல், ஆர்வத்தோடு தொடங்கி இடையில் சோர்தல் ஆகியன வாழ்க்கையின் குற்றங்களும் ஆகும். பவணந்தியார் இவ்வொப்புமையை வெளிப்படையாக எடுத்துரைக்கவில்லை. நூல் என்னும் சொல்லுக்கு அவர் தரும் விளக்கம் அதற்கு வழிவிடுகின்றது. தச்சன் மரத்தின் மேல் நூலைப் பிடித்துக் கோணலைக் கண்டு நீக்குவது போல், மாந்தர் மனக்கோணலைத் தீர்ப்பது நூலின் மாண்பு என்கின்றது ஒரு செய்யுள். நூல் என்பது ஓர் அளவுகோல். அதனைக் கொண்டு முதலில் அளக்கப்படுவது எழுதியவன் மனம். பின்னரே படிப்பவன் மனம்.

அழகுகள் பத்தும் குற்றங்களின் மறுதலையாக நின்றுவிடவில்லை. சுருங்கச் சொல்லுதல் முதலில் வருகின்றது. அதனை அடுத்தே விளங்கவைத்தல் வருகின்றது. சுருக்கம் தெளிவைக் கெடுத்தால் அழகாகாது என்பதை அவ்வரிசையே உணர்த்தும். படிப்போர்க்கு இனிமை, நல்ல சொற்களின் சேர்க்கை, ஓசை, ஆழம், முறைவைப்பு, தக்க எடுத்துக்காட்டு என்று அடுத்தடுத்து எண்ணப்படுவன அனைத்தும் கைத்திறன் பற்றியவை. அவற்றின் இடையே உயர்ந்தோர் வழக்கோடு மாறுபடாமை, சிறந்த பயன் விளைத்தல் என்னும் இரண்டும் சேர்த்து எண்ணப்படுகின்றன. கைத்திறனையும் அறத்தையும் இருவேறு பட்டியல்களாகப் பிரிக்காமல் ஒரே பட்டியலில் வைத்ததே நன்னூலின் தனித்தன்மை.

கால்பங்கும் முக்கால்பங்கும்

ஆசிரியரையும் மாணாக்கரையும் விளக்கும் உவமைகள் பாயிரத்தின் உயிர்ப்பகுதி. நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவை உவமை. தகாத ஆசிரியனுக்கு உவமையாவன வீட்டிலும் தோட்டத்திலும் காண்பவை. கழற்சிக்காயை இட்டு நிரப்பிய குடத்திலிருந்து காய்கள் இட்ட முறையில் வெளிவருவதில்லை. கருக்கு மட்டை நிறைந்த பனை, பழத்தைத் தானே உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க இடந்தருவதில்லை. பஞ்சடைத்த குண்டிகையில் இடுவதும் அரிது, எடுப்பதும் அரிது. வளைந்து வளர்ந்த தென்னை, நீர் ஊற்றி வளர்த்தவனை விட்டு அயலான் வளாகத்தில் காய் உதிர்க்கும்.

மாணாக்கர்க்கும் இவ்வாறே. அன்னமும் ஆவும் முதல் மாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைப்பட்டவர்க்கு உவமை. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைப்பட்டவர்க்கு உவமை. நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்வது நெய்யரி. நூலின் நல்லனவற்றை நழுவவிட்டுக் குறைகளை மட்டும் பற்றிக்கொள்வோனுக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. அன்னம் செய்வதும் பிரித்தெடுத்தலே, நெய்யரி செய்வதும் பிரித்தெடுத்தலே. எதனைக் கொள்கின்றது, எதனைக் கழிக்கின்றது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

இலக்கிய வட்டத்தார் சிறப்பாகக் கருதத்தக்க பகுதி இதற்குப் பின் வருவது. ஆசிரியர் உரைத்ததை ஒருவன் முழுமையாக உள்வாங்கினாலும் அவனுக்கு வாய்ப்பது புலமையின் கால்பங்கே என்கின்றது பாயிரம். உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால்பங்கு வரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு வரும். ஆசிரியரின் பெருமையை இவ்வளவு போற்றிய நூலே, ஆசிரியரால் கிடைப்பதைக் காற்கூறு என்று அளந்து வைத்தது வியத்தற்குரியது. வகுப்பறைக்கு வெளியே, ஒத்தோர் கூடிப் படிக்கும் இடத்திலும் உரைக்கும் இடத்திலும்தான் புலமையின் முக்கால்பங்கு விளைகின்றது.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று உண்டு. உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பயின்றவர். பிள்ளை 1876இல் மறைந்தார். 1880இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பின்னரே ஐயர் சீவகசிந்தாமணியின்பால் திரும்பினார். ஆசிரியரிடம் பாடம் கேளாத அந்நூலின் சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார்; அவர்களோ அதனைத் தம் வீடுகளில் வழிவழியாகப் படித்து வந்தவர்கள். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. ஆசிரியர் தந்த கால்பங்கின் மேல், உடன் படித்தோர் தந்த பங்கும் உரைத்துத் தெளிந்த பங்கும் சேர்ந்து ஒரு பெருநூலை மீட்டெடுத்தன. அதே ஐயர் 1918இல் நன்னூலுக்குச் சமணரான மயிலைநாதர் எழுதிய பழைய உரையையும் பதிப்பித்தார்.

பட்டியலில் இல்லாதவள்

வழிகாட்டி நூலைப் படிப்போர் அதன் முன் கைகட்டி நிற்பதோடு அமைந்துவிட்டால், அந்நூல் கூறும் கடைமாணாக்கரின் நிலையை அடைவர். பாயிரத்தில் இன்றைய வாசகர் தடையின்றி ஏற்க இயலாத பகுதிகளும் உள்ளன.

ஆசிரியர்க்கு வேண்டிய தகுதிகளை எண்ணும்போது குலம் முதலில் வைக்கப்படுகின்றது. பாடம் சொல்லுதற்கு உரியோர் என அறுவர் குறிக்கப்படுகின்றனர். தன் மகன், தன் ஆசிரியன் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்போன், வழிபடுவோன், சொன்னதை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையோன் என்போர் அவர். பாடம் சொல்லத் தகாதோர் பட்டியலில் கள்ளுண்பவன், சோம்பேறி, கள்வன் ஆகியோருடன் நோயாளியும் ஏழையும் இடம்பெறுகின்றனர். ஏழை என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் அறியாமையுடையவன் என்னும் பொருளும் உண்டு. அப்பொருளைக் கொண்டு அமைதி கூறினும், பொருள் மிகக் கொடுப்போனுக்குத் திறந்த கதவு திறந்தே நிற்கின்றது. நோயாளிக்கு அடைத்த கதவும் அடைத்தபடியே உள்ளது.

அறுவர் பட்டியலில் மகன் மூன்று இடத்தில் வருகின்றான். மகள் ஓரிடத்திலும் இல்லை. அக்காலம் அத்தகையது என்று கூறி இதனைக் கடந்துவிடுவது எளிது. ஆயின் கல்வெட்டுகள் அவ்விடைக்கு இடந்தருவதில்லை.

செஞ்சிக்கு வடக்கே வந்தவாசிப் பகுதியில் வேடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கனகவீரக் குரத்தியார் என்னும் சமண ஆசிரியையைப் பற்றிப் பேசுகின்றது. குரத்தி என்பது குரவர் என்பதன் பெண்பால். அவரிடம் 500 மாணாக்கியர் பயின்றனர். அவர்கட்கும் அங்கிருந்த தவத்தோர் 400 பேர்க்கும் இடையே பூசல் எழுந்தபோது, ஊரார் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பினை ஏற்றனர். தெற்கே கழுகுமலைப் பாறைகளிலும் குரத்தியர் பலருடைய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

பவணந்தியார்க்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், அவர் சார்ந்த அதே சமயத்தில், பெண்கள் கற்றனர், கற்பித்தனர், அதற்கு எதிர்ப்பு வந்தபோது ஊரே துணைநின்றது. ஆதலின் பாயிரத்தின் பட்டியலைக் காலத்தின் முழு வழக்கம் என்று கொள்ள முடியாது. அது வழக்கின் ஒரு பகுதியை மட்டும் நூலேற்றி, மறுபகுதியை விட்டுவிட்டது. குன்றக் கூறல் குற்றம் என்ற நூலிலேயே இவ்விடத்தில் ஒரு குறை நேர்ந்தது. அதனை அளந்து காட்டும் கோலும் அந்நூல் தந்ததே.

அதே பாயிரத்தில் வேறோர் உவமையும் உண்டு. நூல் எவ்வாறு உருவாகின்றது என்பதை விளக்கும்போது, சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் வைத்து, புலவனை நூல் நூற்கும் பெண்ணாகக் காட்டுகின்றது அவ்வுவமை. சங்கப் பாடல்களில் பருத்திப் பெண்டு என்னும் பெயர் இவ்வாறு நூற்கும் மகளிரையே குறிக்கும். துணையற்ற மகளிர் தம் உழைப்பால் வாழ்ந்த தொழில் அது. பனுவல் என்னும் சொல்லும் பஞ்சுக்கும் நூலுக்கும் ஒருங்கே வழங்கியது. மாணாக்கர் பட்டியலில் இடம்பெறாத பெண், நூல் என்பது யாது என்று சொல்ல நேர்ந்த இடத்தில் புலவனுக்கே உவமையாகி நிற்கின்றாள். பாயிரத்தைக் கருத்தூன்றிப் படிப்போர்க்கு அதன் ஒரு நூற்பாவின் குறையை மற்றொரு செய்யுள் காட்டிக்கொடுக்கின்றது.

தன்னைத் தான் புகழ்தல்

மலர் வெளியிடும் அமைப்புகள் எண்ணிப் பார்க்கத்தக்க மற்றொரு விதி தற்புகழ்ச்சி பற்றியது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் ஆக்கியோனின் ஆசிரியர், அவனோடு உடன்பயின்றோர், அவன் மாணாக்கர், தகுதி வாய்ந்த உரையாசிரியர் என்போரே. எவ்வளவு கற்றவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் முன்னும், அவையில் எதிரியை வெல்ல வேண்டிய இடத்தும், தன்னைப் பிறர் பழித்துரைக்கும்போதும் மட்டும் அதற்கு விலக்கு உண்டு.

இவ்விதியை வைத்து நோக்கினால் மண்டகப்பட்டுக் கல்வெட்டின் அடக்கம் மேலும் விளங்கும். அது அரசனின் கல்வெட்டு. புகழ்ச்சிக்கு உரிமை உண்டு. சித்திரகாரப்புலி என்னும் விருது பூண்டவனும், மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகம் எழுதியவனும் ஆகிய மகேந்திரன், அங்கே வெற்றிகளைக் கூறவில்லை, குலப்பெருமையைக் கூறவில்லை, தன் இயற்பெயரையும் கூறவில்லை. புதுமையை நாடுபவன் என்னும் ஒரு விருதுப்பெயரோடு நிறுத்திக்கொண்டான்.

மண்டகப்பட்டுக்கு அணித்தேயுள்ள தளவானூரில் அவன் குடைவித்த சத்துருமல்லேசுவரத்தில் வடமொழிச் செய்யுளோடு தமிழ் வெண்பா ஒன்றும் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கோயில் எழுந்த செய்தியை அது மன்னனைச் சிறப்பித்துக் கூறும். வெண்பாவை அடுத்து, அதனைச் சொல்லியவர் சிவதாசன் என்னும் புலவர் என்ற குறிப்பும் உள்ளது. அரசனின் பணியைப் பிறரொருவர் பாடுகின்றார். பாடியவரின் பெயரும் கல்லில் நிற்கின்றது. ஆக்கியோன் அடங்கியிருக்கவும், அவனைச் சிறப்பிக்கும் சொல் பிறர் வாயிலிருந்து பெயரோடு வரவும் அமைந்த இம்முறை, பிற்காலப் பாயிர விதிக்குக் கல்லில் கிடைத்த எடுத்துக்காட்டுப் போல விளங்குகின்றது.

கடைசி நூற்பா

ஒரு வழிகாட்டி நூலிலிருந்து எதனைக் கொள்வது, எதனைக் கழிப்பது என்று முடிவுசெய்யும் உரிமை வாசகர்க்கு யார் தந்தது என்னும் வினா எஞ்சுகின்றது. விடை நன்னூலின் இறுதியிலேயே உள்ளது. காலத்தின் இயல்பால் பழையவை நீங்குவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என்று கூறி முடிகின்றது 462ஆவது நூற்பா. அது சொல் வழக்குப் பற்றிய விதி என்பது உண்மையே. ஆயினும் தன் விதிகளுக்கு மேலும் காலம் செல்லும் என்று ஒப்புக்கொண்டு முடியும் நூல், தன்னைப் படிப்போர்க்கும் அவ்வுரிமையை அளிக்கின்றது எனல் பொருந்தும்.

நன்னூலின் உரை வரலாறும் இதனையே காட்டும். சமணரான மயிலைநாதர் முதலில் உரை கண்டார். பின்னர்ச் சைவரான சங்கரநமச்சிவாயர் விரிவான உரை வரைந்தார். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அவ்வுரையை எடுத்து, வேண்டுவன சேர்த்து, வேண்டாதன நீக்கித் திருத்தினார். புத்தம்புத்துரை என்று வழங்கும் விருத்தியுரை அவ்வாறு எழுந்தது. சமண முனிவர் ஒருவரின் நூலைச் சைவ மடங்கள் பாடமாகப் போற்றின. சமயம் வேறு என்பதனால் நூலை ஒதுக்கவும் இல்லை; நூல் பெரிது என்பதனால் முன்னோர் உரையில் கைவைக்க அஞ்சவும் இல்லை. வழிகாட்டி நூலொன்று எண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்ததற்கு இவ்விரு பண்புகளும் காரணம்.

இன்று பள்ளி கல்லூரிகளில் பாயிரம் தேர்வுக்குரிய பகுதியாகச் சுருங்கிவிட்டது. குற்றம் பத்து, அழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு என்று எண்ணி ஒப்பிப்பதோடு அதன் பயன் முடிகின்றது. கிளியை இடைமாணாக்கர்க்கு உவமையாக்கிய பாயிரம் கிளிப்பாடமாகவே கற்பிக்கப்படுவது வருந்தத்தக்கது. எண்ணிக்கை நினைவில் நிற்கின்றது, அளவுகோல் கைநழுவுகின்றது.

அவ்வளவுகோலைக் கையில் எடுத்தற்குரிய இடம் இலக்கிய வட்டங்களே. கவிதை வாசிக்கப்படும் கூட்டத்தில், அது எங்கே தேய்ந்தது, எங்கே வேறொன்றை விரித்தது என்று உடன்பயில்வோர் நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். எழுதியவர் அதனைச் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். வெறும் பாராட்டு மட்டும் பரிமாறப்படும் அவையில் பாயிரம் கூறும் இரண்டாம் கால்பங்கு விளையாது. தாம் கற்றதை அடுத்த தலைமுறைக்கு எடுத்துரைக்கும் கடமையையும் வட்டம் மேற்கொள்ளுதல் வேண்டும். இல்லையேல் எஞ்சிய அரைப்பங்கும் வாராது.

பத்தாண்டுகளை நிறைவுசெய்யும் வட்டம் ஒன்று தன் வரவேட்டில் எத்தனை கூட்டம், எத்தனை நூல் என்று எண்ணுவது வழக்கம். அதனோடு, யார் இன்னும் உள்ளே வரவில்லை என்பதையும் எண்ணுதல் நலம். வேடலில் 500 மாணாக்கியர்க்குச் சோறிட முன்வந்த ஊரார் இலக்கண நூல் எழுதியவர்கள் அல்லர். ஆயினும் நூலின் பட்டியல் விட்டுவிட்ட இடத்தை அவர்கள் முன்னரே நிரப்பி வைத்திருந்தனர். பாயிரத்தைப் படிப்பவர்கள் அந்தக் கல்வெட்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் படித்தல் வேண்டும்.